அண்ணியின் குரலும் மெதுவண்டி டாக்டரும்

எங்கள் நகரத்தில் பஸ் ஏறிய யாரும் என் அண்ணியின் குரலைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. முகத்தைப் பார்த்தவர்கள்தான் குறைவு. மத்திய பேருந்து நிலையத்தின் மாடியில், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட ஓர் அறை. உள்ளே ஒரு மைக், ஒரு சிவப்புப் பொத்தான், நேர அட்டவணை ஒட்டிய பலகை, ஒரு கால் சற்றுக் குட்டையான சுழல் நாற்காலி. அந்த நாற்காலியில் பதினேழு வருடமாக உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கீழே இருக்கும் ஓட்டுநர்களுக்கும் அண்ணிக்கும் தனியாக ஒரு சைகை மொழி இருந்தது. தலைக்கு மேல் கையைச் சுற்றினால் வண்டி தயார். வயிற்றைத் தட்டிக் காட்டினால் சாப்பிடப் போகிறேன், பத்து நிமிடம் ஆகும். இரண்டு கையையும் விரித்தால் வண்டி படுத்துவிட்டது, வேறு ஏற்பாடு செய். இதையெல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்து, பயணிகளுக்குப் புரியும்படி, யாரையும் காட்டிக்கொடுக்காமல் சொல்வதில் அண்ணி கெட்டிக்காரி. ‘வயிற்றுப் பாடு’ என்பது அவர் வாயில் ‘தொழில்நுட்பக் காரணம்’ ஆகிவிடும்.

என் அண்ணன் அதே நிலையத்தின் பணிமனையில் டயர் மாட்டும் வேலை செய்பவன். குரலைக் கேட்டே மயங்கி, ஸ்பீக்கர் வயரைப் பார்க்க வந்தேன் என்று ஒரு நாள் மாடி ஏறியவன். வயரைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது அண்ணிக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இருந்தும் கல்யாணம் நடந்தது. எங்கள் அப்பா நாற்பது வருடம் லேத் பட்டறையில் நின்று காதைத் தொலைத்தவர். நானும் அண்ணனும் கத்தினால்கூட அவருக்கு இரைச்சல்தான் கேட்கும். மருமகள் சாதாரணமாகப் பேசினால் ஒவ்வொரு எழுத்தும் விழும். வீட்டில் என்ன நடக்கிறது என்பதே அவருக்கு அண்ணி வழியாகத்தான் தெரியும். எல்லாருக்கும் கடைசி, ஒன்பது வயது வாண்டு, அண்ணனின் மகள்.

நான் ஒரு சீருடை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். அண்ணியின் சீருடைச் சட்டைக்கு மூடிய காலர். அதன் மேல் பொத்தான் போட வரவில்லை என்று ஒரு நாள் கொண்டுவந்தார். அரை அங்குலம் தளர்த்திக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார். நான் டேப்பைக் கழுத்தில் சுற்றிப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. உடம்பு பெருக்கவில்லை, கழுத்து மட்டும் எப்படிப் பெருக்கும் என்று கேட்டேன். ‘பேசிப் பேசி வீங்கியிருக்கும்’ என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மறுநாளே இழுத்துக்கொண்டு போனேன்.

தைராய்டில் கட்டி. எடுத்தே ஆக வேண்டும். இரண்டு டாக்டர்கள் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள். கட்டி குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, கட்டியோடு நரம்பும் போகும், பிறகு காற்றுப் போன மாதிரி கிசுகிசுக்கத்தான் முடியும் என்றார்கள். உயிர் பெரிதா, குரல் பெரிதா என்று ஒருவர் கேட்டார்.  அண்ணி வெளியே வந்து பஸ் ஏறும் வரை வாயைத் திறக்கவில்லை. அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்ததும், ஆபரேஷனுக்கு ஒரு வருடம் போகட்டும் என்றார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

வழி காட்டியவர் ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். டயர் பஞ்சர் என்று பணிமனைக்கு வந்தவரிடம் அண்ணன் மனசு தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறான். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், மற்றவர்கள் இரண்டு மணி நேரத்தில் முடிப்பதை அவர் ஆறு மணி நேரம் செய்வார், அதனால் ஆஸ்பத்திரியே அவரை மெதுவண்டி என்றுதான் சொல்லும், ஆனால் கழுத்து என்றால் அவரிடம்தான் போக வேண்டும் என்று அவர் சொன்னாராம். அண்ணன் கையில் இருந்த டயரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். குள்ளம். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால் தலையும் தோளும்தான் தெரியும். ஆறிப்போன டீ ஒன்று மூடாமல் இருந்தது. படங்களை ஒரு முறை பார்த்தார், இரண்டாம் முறை பார்த்தார், மூன்றாம் முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அண்ணியின் கழுத்தைத் தொட்டு, எச்சில் விழுங்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு காகிதத்தின் பின்பக்கம் மூச்சுக்குழாயும் கட்டியும் நரம்பும் வரைந்து காட்டினார்.

அந்த நரம்பு எவ்வளவு கனம் என்று நான் கேட்டேன். என் சட்டைக் கையில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் நூலில் ஒன்றை உருவி நீட்டினேன். டாக்டர் அதை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார். இது பட்டன் தைக்கிற நூல்தானே, இதில் இரண்டைச் சேர்த்தால் சரியாக இருக்கும் என்றார். நான் தையல்காரி. இற்றுப்போன துணியிலிருந்து அப்படி ஒரு நூலை அறுக்காமல் பிரிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

அண்ணி கேட்டார்: “என் குரல் வருமா டாக்டர்?”

“வரும்னு வாக்கு குடுக்க முடியாதும்மா. கட்டிய முழுசா எடுக்கணும், அதுதான் முதல். ஆனா ஒண்ணு மட்டும் வாக்கு குடுக்கறேன். அவசரப்பட மாட்டேன்.”

 அண்ணி என் பக்கம் திரும்பி, எந்தத் தேதி என்று கேட்டு எழுதிக்கொள் என்றார்.

ஆபரேஷன் அன்று காலை ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். போவதற்கு முன்னால் தியேட்டர் கதவு ஒரு நொடி திறந்தது. டாக்டர் ஒரு மர ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். உயரம் பத்தாது என்பதால் அதன் மேல் ஏறி நின்றுதான் வேலை செய்வாராம். பன்னிரண்டு மணிக்கு ஒரு நர்ஸ் வெளியே வந்தார். என்ன ஆயிற்று என்று அண்ணன் ஓடினான். இப்போதுதான் நரம்பைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார். இரண்டு மணிக்கு வேறொரு நர்ஸ். இன்னும் நரம்பின் பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்றார். மூன்று மணிக்கு முதல் நர்ஸே மறுபடி வந்தார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள், “அங்கேயேதாங்க இருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, முடிந்ததா என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் கையை ஆட்டி ஆட்டியே சோர்ந்துபோனோம்.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு டாக்டர் வெளியே வந்தார். நெற்றியில் தொப்பியின் தடம். எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். பையிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்து ஒன்றைக் கடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

“கட்டி முழுசா வந்துடுச்சு. நரம்பு இருக்கு. ரொம்ப அடி வாங்கின நரம்பு, அதனால உடனே எழுந்து ஓடாது. ஆனா இருக்கு.”

அண்ணன் அவர் காலில் விழப் போனான். டாக்டர் காலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டதில் கையில் இருந்த மற்றொரு பிஸ்கட் கீழே விழுந்துவிட்டது. அதைப் பார்த்து அவர் வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

அண்ணி கண் விழித்ததும் என்னையும் அண்ணனையும் கூப்பிட்டார்கள். ஏதாவது பேசுங்கள் என்று டாக்டர் குனிந்து சொன்னார். அண்ணியின் உதடு அசைந்தது. எண்ணெய் போடாத இரும்புக் கதவு போல ஒரு சத்தம் வந்தது.

“மணி என்ன?”

“அஞ்சு இருபது.”

“அஞ்சே கால் வண்டி போயிருக்கும்” என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அதற்கு அப்புறம் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், ஒரு டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழாயை விட்டு, ‘ஊ’ என்று முனகிக்கொண்டே குமிழி விடச் சொல்லியிருந்தார். தினம் ஐந்து வேளை. அண்ணி தனியாகச் செய்ய வெட்கப்பட்டதால் வாண்டு ஒரு டம்ளர் எடுத்தது, அண்ணன் ஒன்று எடுத்தான், நான் ஒன்று. அப்பா, இவர்கள் எல்லாருக்கும் என்ன பிடித்துவிட்டது என்று சற்று நேரம் பார்த்துவிட்டு, அவரும் ஒன்று எடுத்தார். முதல் வாரம் தண்ணீர் கொதிக்கிற சத்தம்தான் வீடு முழுக்க. மூன்றாம் வாரத்தில் அண்ணியின் டம்ளரிலிருந்து மட்டும் ஒரு மெல்லிய ரீங்காரம் கிளம்பியது. நாங்கள் எல்லாரும் குழாயை வாயில் வைத்தபடியே நிறுத்திவிட்டுக் கேட்டோம்.

அன்றிலிருந்து அண்ணனுக்கு ஒரே ஒரு கவலைதான். அந்த டாக்டருக்கு நாம் என்ன செய்வது. பழக்கூடை கொண்டுபோனான், டாக்டர் அதை வார்டு நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டார். கைக்கடிகாரம் கொண்டுபோனான், வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் என் பங்குக்கு இரண்டு தியேட்டர் தொப்பிகள் தைத்து அனுப்பினேன். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டாராம். அதில் அண்ணனுக்கு என் மேல் பொறாமை.

நாலாம் வாரம் ஒரு சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன். உங்கள் அண்ணன் கார் டயர் திருடும்போது பிடிபட்டிருக்கிறார், உடனே வாருங்கள் என்றார்கள். நானும் அண்ணியும் அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடினோம். டாக்டரின் பழைய கார் ஜாக்கி மேல் ஒரு பக்கமாகத் தூக்கி நின்றது. பக்கத்தில் அண்ணன், கையில் ஸ்பேனர். காவலாளி அவன் காலரைப் பிடித்திருந்தார். நடந்தது இதுதான்: டாக்டரின் காரில் நாலு டயரும் வழுக்கையாகத் தேய்ந்திருந்ததை அண்ணன் கவனித்திருக்கிறான். மழையில் வழுக்கி இவர் கைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்ததும் அவனுக்குத் தூக்கம் போயிற்று. சொன்னால் மறுப்பார் என்று, அவர் தியேட்டரில் இருக்கும் நேரம் பார்த்து, புது டயர்களை உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். நான் கழற்ற வரவில்லை, மாட்ட வந்தேன் என்று அவன் சொல்ல, பதினைந்து வருடத்தில் எத்தனையோ திருடனைப் பார்த்தாயிற்று, இப்படி ஒருவன் சொல்லிக் கேட்டதில்லை என்று காவலாளி.

டாக்டர் பச்சைத் தொப்பியோடு இறங்கி வந்தார். நான் தைத்த தொப்பி. அண்ணனை யாரென்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பின்னால் நின்ற அண்ணியின் கழுத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வலது பக்கம், ஆறரை சென்டிமீட்டர். நீங்களா? இவரு உங்க வீட்டுக்காரரா?”

அண்ணி தலையாட்டினார். டாக்டர் டயர்களைக் குனிந்து பார்த்து, இப்படித் தேய விட்டது தன் தப்புதான் என்று ஒப்புக்கொண்டார். புது டயர்களுக்கு உண்டானதைத் தான் கொடுப்பது, மாட்டுகிற வேலை மட்டும் அண்ணனுடையது என்று இருவருக்கும் உடன்பாடு ஆயிற்று. அவன் மாட்டிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் அண்ணியைத் தனியே அழைத்துப் பேசினார்.

ஏழாம் வார்டில் ஒருவர் இருக்கிறார். காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுபவர். அண்ணிக்கு இருந்த அதே இடத்தில் கட்டி. மூன்று முறை தேதி கொடுத்தும் குரல் போய்விடும் என்று மறுத்துவிட்டார். இப்போது சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பி உட்கார்ந்திருக்கிறார்.

“நான் சொன்னா டாக்டர் சொல்றாங்கன்னு நினைப்பாரு. நீங்க பேசுறீங்களா?”

அண்ணி தயங்கினார். இந்தக் கரகரப்புக் குரலை வைத்துக்கொண்டு அவருக்கு நான் என்ன தைரியம் சொல்வது, முழுதாகத் தேறிய பிறகு வருகிறேனே என்றார். இந்தக் குரல்தான் வேண்டும் என்றார் டாக்டர். இல்லாததைக் காட்டி அவரைச் சம்மதிக்க வைக்கத் தனக்கு விருப்பம் இல்லை என்றார்.

ஏலக்காரர் ஆஜானுபாகு. கட்டிலே அவருக்குச் சின்னதாக இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி, கையில் கட்டி வைத்த பை. அண்ணி பேச ஆரம்பித்ததும் முதலில் அவர் முகத்தில் ஏமாற்றம்தான் தெரிந்தது. இதற்காகவா கழுத்தை அறுத்துக்கொள்ள வேண்டும் என்பது போல மனைவியைப் பார்த்தார். அண்ணி விடவில்லை. நாலு வாரம் முன்னால் இதுவும் இல்லை, இன்னும் கூடிக்கொண்டு வருகிறது, எவ்வளவு கூடும் என்று எனக்கே தெரியாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். தான் எந்த வேலை செய்கிறேன் என்றும் சொன்னார். ஏலக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பஸ் ஸ்டாண்ட் அம்மாவா நீங்க? தினம் காலைல நாலரை வண்டிக்கு உங்க குரல கேட்டுத்தான் ஓடுவேன். ஒரு மாசமா ஏதோ மெஷின் கத்துது. ரெண்டு தடவ வேற வண்டில ஏறிட்டேன்.” அண்ணியின் கழுத்துத் தழும்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “உங்களுக்குக் குரல் வரும்னு அவங்க சத்தியம் பண்ணாங்களா?”

“இல்ல. அவசரப்பட மாட்டேன்னு சொன்னாங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க. ஏழு மணி நேரம் ஸ்டூல் மேல நின்னாங்க. நான் மயக்கத்துல இருந்தேன், யாரும் பாக்கப் போறதில்ல. ரெண்டு மணி நேரத்துல முடிச்சிட்டு, முடியலன்னு சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன்.”

அதற்குமேல் அண்ணிக்குக் குரல் எழும்பவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏலக்காரர் ஜன்னலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தன் பெரிய கைகளைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. “ஒரு தரம்... ரெண்டு தரம்...” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் தரம் வாய்விட்டே சொல்லிவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். அவர் மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரத்தத்தில் சர்க்கரையைக் குறைத்த பிறகுதான் ஏலக்காரருக்கு ஆபரேஷன் என்று ஐந்து வாரம் தள்ளிப்போனது. பார்த்தால், அண்ணி வேலைக்குத் திரும்பும் நாளும் அதுவும் ஒரே நாளாக அமைந்துவிட்டது.

அன்று நாங்கள் எல்லாரும் பேருந்து நிலையத்தில். வாண்டு பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்து வந்திருந்தது. மேலே கண்ணாடிக்குள் அண்ணி உட்கார்ந்ததைப் பார்த்ததும் ஓட்டுநர்கள் வண்டிகளை விட்டு இறங்கிவிட்டார்கள். பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் தலைக்கு மேல் கையைச் சுற்றினார்கள். எதை முதலில் சொல்வது என்று அண்ணி திணறியது கீழிருந்தே தெரிந்தது. அண்ணன் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். ஸ்பீக்கர் ஒரு முறை கீச்சிட்டது.

“பயணிகள் கவனத்திற்கு. துறைமுகம் செல்லும் பதினேழாம் எண் பேருந்து, நான்காம் நடைமேடையிலிருந்து இப்போது புறப்படும்.”

முன்னைவிடச் சற்றுத் தணிந்த குரல். ஓரத்தில் ஒரு சிறு கரகரப்பு. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பொறுக்கி வைத்த மாதிரி. அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, “பதினேழு கெளம்புதாம், நாலாவது பிளாட்பாரம்” என்று சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றுவிடும் போல இருந்தது. ஓட்டுநர்கள் ஹாரனை அடித்த அடியில் அடுத்த மூன்று அறிவிப்புகள் யாருக்கும் கேட்கவில்லை.

மதியம் வேலை முறை முடிந்ததும் அண்ணி சீருடையைக்கூட மாற்றவில்லை. எல்லாரும் நேரே ஆஸ்பத்திரிக்கு. ஏலக்காரரின் மனைவி தனியாக உட்கார்ந்திருப்பார் என்று அண்ணி காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஐந்து பேரும் போய் பெஞ்சை நிரப்பினோம். நர்ஸ் வெளியே வந்தால் யார் கேட்பது, என்ன கேட்பது என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. நரம்பின் பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்று நர்ஸ் சொன்னபோது, அது நல்ல சேதி என்று அண்ணன் அந்த அம்மாளுக்கு விளக்கினான்.

மூன்றரை மணிக்கு டாக்டர் வந்தார். கட்டியை எடுத்தாயிற்று, நரம்பைத் தொட்டுப் பார்த்ததில், அது வேலை செய்கிறதா என்று காட்டும் மெஷினில் பதில் வந்தது, இன்னும் அரை மணியில் கண் விழிப்பார் என்று அந்த அம்மாளிடம் நிதானமாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அண்ணியின் சீருடையைக் கவனித்தார்.

“இன்னைக்குத்தானா? நான் கேக்க முடியலையே. என்ன சொன்னீங்களோ அப்படியே சொல்லுங்க.”

அண்ணி எழுந்து நின்றார். காலரைச் சரி செய்துகொண்டார். மைக் இல்லாமல், அந்த நீண்ட வராந்தாவில், பதினேழாம் எண் பேருந்தைப் புறப்பட வைத்தார். இரண்டு பக்கமும் வார்டுக் கதவுகள் திறந்தன. கட்டுப் போட்ட தலைகள் எட்டிப் பார்த்தன. டாக்டர் சுவரில் சாய்ந்து, முன்பு கழுத்தைத் தொட்டபோது மூடியது போலவே கண்ணை மூடிக் கேட்டார். தலைமை நர்ஸ் விடுவிடுவென்று வந்து, இது ஆஸ்பத்திரியா பஸ் ஸ்டாண்டா என்று எங்களைப் பிடிபிடியென்று பிடித்தார். “நான்தான் கேட்டேன் சிஸ்டர்” என்று டாக்டர் பள்ளிக்கூடப் பெண் மாதிரி கையைத் தூக்கினார். திட்டு பாதியில் நின்றது. டாக்டர், அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அரை மணி கழித்து ஏலக்காரரின் மனைவியைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பி வரும் வரை அண்ணன் உட்காரவே இல்லை. கதவு திறந்தது. அந்த அம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்து அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“காலைலேருந்து ஏன் சாப்பிடலன்னு திட்டுறாருங்க.”

“திட்டினாரா? கேக்கற மாதிரியா?”

“நல்லாவே திட்டினாரு. பக்கத்துக் கட்டில்காரரு திரும்பிப் பாத்தாரு” என்றார் அந்த அம்மாள், முகமெல்லாம் சிரிப்பாக. அவரைச் சாப்பிட வைப்பதற்காக எல்லாருமாகக் கேன்டீனுக்கு இறங்கிப் போனோம்.